புது டிஸ்க்குக்கு எண்ணெய்

காலை ஐந்தே முக்கால். வாசல் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, காரின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தியிருந்த அப்பாவின் முதுகு. பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி. கையில் சவுக்குக் குச்சி, அதன் நுனியில் கந்தல் துணி. சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகக் குச்சியை உள்ளே விட்டுத் தடவினார். வெளியே எடுத்துக் கொட்டாங்குச்சியில் தோய்த்து மறுபடியும் விட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒரே ராத்திரியில செவந்து போச்சு பாரு. புது இரும்பு."

குனிந்து பார்த்தேன். முந்தைய நாள் மாட்டும்போது சாப்பாட்டுத் தட்டு போலப் பளபளத்த பிரேக் டிஸ்க்கின் மேல் செங்காவி நிறத்தில் மெல்லிய துரு படர்ந்திருந்தது. குச்சி போய்வந்த இடம் மட்டும் கறுத்து மினுங்கியது.

"கம்பெனிக்காரன் எண்ணெ தடவித்தான் அனுப்பினான். இந்தப் பசங்க பெட்ரோல் போட்டுத் தொடச்சி எடுத்துட்டானுங்க. உப்புக் காத்துல எத்தினி நாளைக்கு நிக்கும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் எண்ணெய் காணாத இரும்பு கிடையாது. கேட்டின் கீல், மண்வெட்டி, சைக்கிள் செயின், வாளியின் கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் வாரம் தவறாமல் அப்பா எண்ணெய் தடவுவார். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை ஓட்டுவதுதான் அவர் வேலை. இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில் எப்போதும் ஒரு டின்னில் இருக்கும். அது 2005, புரட்டாசி. மழைக்கு முன் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் உடம்பெல்லாம் ஆயில் பூசி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். பக்கத்து அளத்து இன்ஜின்கள் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. அப்பாவின் இன்ஜின் ஒருமுறைகூட அடம்பிடித்ததில்லை.

மழை மாதங்களில் அளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களை ஓட்டுவதற்காகத்தான் அண்ணன் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தான். கடலோரத்திலேயே நின்ற வண்டி என்பதால் மலிவாகக் கிடைத்தது. மலிவுக்குக் காரணம் முதல் மாதமே தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் இரும்பை இரும்பால் அறுக்கும் சத்தம் கேட்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பின் சீட்டில் நான் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன்.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. சீசன் முழுக்க வெளியூர் விருந்தினரை அழைத்துவர அவர்களுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் விடுதியின் மேலாளர். அவரே உட்கார்ந்து ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த வேலை கிடைத்தால் தை வரை வீட்டில் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை.

பெரிய ஒர்க் ஷாப்பில் சொன்ன தொகையைக் கேட்டதும் அண்ணன் வண்டியைத் திருப்பிவிட்டான். ஈ.சி.ஆர். சாலையோரம் டீக்கடையை ஒட்டி ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அவனோடு பள்ளியில் படித்தவன். அவன் பழைய டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஏற்கெனவே ஒருவாட்டி கடைசல் புடிச்சித் தேச்சிருக்கான்டா. இன்னொருவாட்டி புடிச்சா அப்பளமாயிடும். புதுசு போடு. டிஸ்க்ல மிச்சம் புடிச்சிக்க, பேடுல கஞ்சத்தனம் பண்ணாத."

அதன்படி புதுச்சேரியில் அவ்வளவாகப் பெயரில்லாத கம்பெனியின் டிஸ்க் இரண்டும், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்தும் பேடு, நல்லதாக ஒரு செட்டும் வாங்கினோம். சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. மெக்கானிக்குக்குக் கூலி, மத்தியானம் ஒரு பிரியாணி. பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் ஓஸ் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். துருவேறி ஒட்டிக்கொண்ட பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டியதில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பெட்ரோல் நனைத்த துணியால் மெக்கானிக் துடைத்தபோது அப்பா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். மகனின் சிநேகிதன் செய்யும் வேலையில் குறுக்கிடக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

கிளம்பும்போது மெக்கானிக் அண்ணனிடம் சொன்னான்: "மொதல்ல கொஞ்ச தூரம் பிரேக் லூசாத்தான் இருக்கும். பேடு செட்டாகணும். பயந்துடாத."

மறுநாள், அப்பா எண்ணெய் தடவிய அதே ஞாயிறு காலை, அண்ணன் ஓட்ட, அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் அப்போது புதுச்சேரியில் தங்கி ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். விடுதி வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம் என்று பின்னால் ஏறினேன்.

சாலைக்கு வந்து முதல் தடவை மிதித்தபோதே வண்டி நிற்கவில்லை, வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. "லூசாத்தான் இருக்கும்னான்" என்றான் அண்ணன். அனுமந்தை அருகே ஒரு ஆடு குறுக்கே வந்தது. அண்ணன் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்தான். ஆடு பிழைத்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சூடான இரும்பில் ஆயில் கருகும் வாசனை. சத்தம் அறவே இல்லை என்று அண்ணன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

முன்னாலிருந்த அப்பா மூக்கைச் சுளித்து ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார். இன்ஜினோடு இருந்த மனிதருக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்காது. வலது உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

விடுதி வாசலில் மேலாளர் அம்மாள் நின்றிருந்தார். கையில் குடை, காலில் ஷூ. அண்ணன் மெதுவாகத்தான் திருப்பினான். நடக்கிற வேகம்தான். மிதித்தான், மறுபடி மிதித்தான். கார் அதே மெதுவான வேகத்தில் போய், வாசலில் வரிசையாக வைத்திருந்த மண்தொட்டிகளில் முதலாவதைத் தள்ளி உடைத்தது. இரண்டாவதன் மேல் சாய்ந்து நின்றது. மேலாளர் இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"நேத்துதாம்மா புது பிரேக் போட்டது" என்று அண்ணன் இறங்கி ஓடினான். "மெக்கானிக் ஏமாத்திட்டாம்மா. அவன் பாவின்னு தெரியாம வண்டிய அவன்கிட்ட போய் உட்டேன்."

அவர் கோபப்படவில்லை. சக்கரத்திலிருந்து எழுந்த மெல்லிய புகையைப் பார்த்தார்.

"என் கண்ணு முன்னாடியே இப்படின்னா, கொழந்தை குட்டியோட வர்றவங்கள இதுல எப்படிங்க ஏத்தறது? நீங்களே சொல்லுங்க."

தொட்டிச் சில்லுகளை அண்ணன் பொறுக்க, நானும் பொறுக்கினேன். வராண்டாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்பா காரிலிருந்து இறங்கவே இல்லை. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவர்களோடு திரும்பினேன்.

ஹேண்ட் பிரேக்கை நம்பி ஊர்ந்து வந்த வழி முழுக்க அண்ணன் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தான். காலையில் பார்த்ததைச் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஷெட்டின் முன்னால் வண்டியை நிறுத்தும்போதே கத்த ஆரம்பித்துவிட்டான். பக்கத்து டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"டேய், வாடா வெளியே! பிரியாணி துன்னுட்டு என் பொழப்புல மண்ண போட்டியேடா!"

மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்தான். சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டு மோந்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"ஏன்டா, இதுல வடை சுட்டியா?"

கூட்டம் சிரித்தது.

"எண்ணெ ஊத்தியிருக்குடா. பேடு குடிச்சிருக்குது பாரு. யார் ஊத்துனது?"

"நீதான்! நேத்து வேற எவன் தொட்டான்?"

"நானா? பெட்ரோல் போட்டுத் தொடச்சது ஒங்க தெருவே பாத்துச்சேடா! என் புள்ள மேல சத்தியமா..."

அப்பா கார்க் கதவைத் திறந்து இறங்கினார்.

"சத்தியம்லாம் வேணாம்பா. நான்தான். காலையில துரு புடிச்சிருந்துச்சு. இன்ஜினுக்குப் போடற மாதிரி போட்டேன்."

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார். நான் தரையைப் பார்த்தேன். டீக்கடை வாசலில் சிந்திய டீயில் எறும்பு மொய்த்திருந்தது. மெக்கானிக்கின் குரல் இறங்கியது.

"அந்தத் துரு ரெண்டு வாட்டி மிதிச்சா தானா போயிருக்கும் பெரிப்பா. பிரேக்கு தேயறதுலதான் வண்டி நிக்குது. அதுல போய்... நானாவது சொல்லியிருக்கணும்."

அவன் அதோடு விட்டிருப்பான். கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. அளத்தில் அப்பாவோடு வேலை செய்தவர்.

"ஏம்பா இன்ஜினு, பிரேக்குக்கு எண்ணெ போட்ட மொத ஆளு நீதான்யா. அடுத்தது டயருக்கு ஆணி அடிப்பியா?"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பாவும் சிரித்தார். பல்லைக் காட்டி, எல்லோரையும் பார்த்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. அவன் காது சிவந்திருந்தது. ஒரு வார்த்தையாவது அப்பாவைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அவன் சக்கரத்து நட்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

டிஸ்க்குகளைத் தின்னரில் கழுவிக் காயவைத்தார்கள். எண்ணெய் குடித்த பேடுகளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு வண்டியில் கழற்றிய, பாதி தேய்ந்த பேடுகளைப் போட்டுக் கொடுத்தான் மெக்கானிக். காசு வாங்கவில்லை. கார் நன்றாக நின்றது, கொஞ்சம் சத்தத்தோடு. விடுதிக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து வேறொரு கார் ஓடத் தொடங்கியது. அண்ணன் திண்டிவனத்துக்கு லாரி ஓட்டப் போனான்.

டீக்கடையில் அப்பாவுக்கு ‘எண்ணெ பிரேக்’ என்று பெயர் விழுந்தது. அவர் டீக்கு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார். கார்த்திகையில் மழை விட்டு நான் ஊருக்கு வந்தபோது, எங்கள் வீட்டுக் கேட்டின் கீல் துருவேறி இறுகியிருந்தது. கேட் பாதி வரைதான் திறந்தது.