குடையை மடக்கிய தனமும் காண்டோஜியின் டச்சு ஓவியமும்

2009 டிசம்பரில் யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், போனேன். சித்தப்பா மகன் செல்வத்துக்குப் பெண் அமைந்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம்தான் காரணம். அவனுக்கு நாற்பத்தொரு வயது, க்யிம்யிண்டைங் படகுத்துறையில் தேநீர்க்கடை. கடையில் நடமாடும்போது வாய் ஓயாது. பெண் பார்க்க உட்கார வைத்தால் பலகாரத்தட்டு அவனைவிட அதிகம் பேசும். மூன்று வரன்கள் அப்படியே போயின.

நாலாவது வரன் தனம், ஷ்வேப்யிதா பகுதித் தையல் ஆலையில் மேற்பார்வையாளர். "வீட்டுக்கு வேணாம், ஞாயித்துக்கிழமை பார்க்குக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

என் பையில் ஓசியில் கிடைத்த டச்சு ஓவிய நாட்காட்டி இருந்தது. டிசம்பர் பக்கத்தில் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய பூங்கா. சீமாட்டி, வேலைக்காரி, பிடில்காரன், நாய் எல்லாரும் ஒரே பாதையில். நடுவே ஒரு ஜோடி, ஊரே பார்க்கக் கைகோத்து நடக்கிறது. மரத்துக்குப் பின்னால் ஒரு குண்டு மனிதர் எட்டிப் பார்க்கிறார். செல்வத்திடம் காட்டி, "இதுபோல நட, பேச்சு வரும்" என்றேன்.

"இங்க ஜோடிங்க குடைக்குள்ள உக்காருறதுதான் வழக்கம், அண்ணே." புதுக்குடையே வாங்கியிருந்தான்.

மூன்றரைக்கு டாக்சி. ஓட்டுநர் 3000 க்யாட் கேட்டார்.

"உங்க எடைக்கும் சேத்துக் கேக்குறான்" என்று செல்வம் மொழிபெயர்த்தான். 2000க்குப் படிந்தது. நாலு மணிக்குக் காண்டோஜி ஏரிப் பூங்கா.

கரையெங்கும் குடைகள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு கால்கள். தனம் வந்து உட்கார்ந்த பிறகும் செல்வத்தின் குடை இருபது நிமிடம் அசையவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று நாட்காட்டியை ஆட்டிப் பார்த்தேன். ஒரு நாய்தான் கவனித்தது.

பொறுமையிழந்து நான் கிளம்புவதற்குள் தனமே குடையைப் பிடுங்கி மடக்கினாள். "மழையா பெய்யுது? எந்திரிங்க, நடப்போம்."

நடந்தார்கள். பத்தடியில் அவன் கை வீசத் தொடங்கியது, இருபதடியில் வாய் திறந்தது. இரண்டாம் சுற்றில் அவள் சிரித்தாள். மூன்றாம் சுற்றில் என் மரத்தருகே நின்றாள்.

"அண்ணே, மரத்தைவிட நீங்க அகலம். வாங்க, டீ குடிக்கலாம். இவர் வாயை மூடச் சொல்லுங்க முதல்ல."

"அப்போ பிடிக்கலையா?" என்றேன், பதறி.

"பிடிக்காமலா மூணு சுத்து நடந்தேன்?"

போகிறவர்களுக்கு: ஞாயிறு மாலை நாலு மணி சரியான நேரம். டாக்சியில் ஏறுமுன் பேரம் பேசுங்கள். உட்கார்ந்து பேச வராதவர்கள் குடை கொண்டுபோக வேண்டாம். பூங்கா என்பது ஊர் மொத்தத்துக்கும் பொதுவான முன்னறை. டச்சுக்காரர்கள் அதை வரைந்தார்கள், தனம் அதில் நடந்தாள்.

அந்த நாட்காட்டியைச் செல்வத்தின் கடைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். அதிலுள்ள குண்டு மனிதருக்கு இன்றுவரை யாரும் டீ வாங்கித் தரவில்லை. எனக்குக் கிடைத்தது.