என் மகள் ஹீப்ருவில் செத்துப்போனாள்

இந்த ஊரில் புத்தகத்தை நாம் பின்னட்டை என்று நினைக்கும் பக்கத்திலிருந்து திறக்கிறார்கள். டெல் அவிவுக்கு வந்த புதிதில், மேசையில் கிடக்கும் புத்தகங்களைத் தூசி தட்டி நான் நேராக அடுக்குவேன். சபா திட்டிக்கொண்டே திருப்பி வைக்கச் சொல்வார். சபா என்றால் கச்சேரி நடக்கும் இடமல்ல, ஹீப்ருவில் தாத்தா. நடக்கமுடியாத அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பது என் வேலை. அவர் திட்டியதைக் கேட்டே மொழி படித்தேன். ஆகவே என் ஹீப்ருவில் வசவு அதிகம், இலக்கணம் குறைவு.

இலக்கியம் வந்தது அவருடைய பேரன் யோவாவ் மூலம். அவன் புதிய தலைமுறை எழுத்தாளன். முந்தைய தலைமுறை நாட்டையும் போரையும் பற்றி உரத்துப் பேசி முடித்துவிட்டதாம். இவர்கள் குடும்பத்தைப் பற்றி, தெருவில் பேசும் ஹீப்ருவில், மெதுவான குரலில் எழுதுவார்களாம். நல்லதுதான். சொந்தக் குடும்பம் தீர்ந்ததும் வேலைக்காரியின் குடும்பத்தில் கை வைத்தான், அவ்வளவே. நான் சூப் கலக்கும்போது வந்து நின்று, கண்டிப் பக்கம் எங்கள் ஊரான பன்விலவில் மழை எப்படிப் பெய்யும், மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்பான். தாத்தா வீட்டுக்கு அடிக்கடி வருகிறானே என்று நானும் மகிழ்ந்துபோய்ச் சொல்லித் தொலைத்தேன்.

ஒரு மாலை கஃபே ஒன்றில் அவனும் நண்பர்களும் கதை வாசித்தார்கள். சபாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். யோவாவின் கதையில் இலங்கையிலிருந்து வந்த ஒரு மெதபெலெத், அதாவது என்னைப்போல முதியவரைப் பராமரிப்பவள். அவளுடைய மகள் தேயிலைத் தோட்டத்து மண்சரிவில் இறந்துபோகிறாள். செய்தி வந்த பிறகும் தாய் யாரிடமும் சொல்லாமல் கிழவருக்கு சூப் ஊட்டுகிறாள். என் அரைகுறை ஹீப்ருவுக்கே இவ்வளவும் புரிந்தது. மகளின் பெயரைக்கூட அவன் மாற்றவில்லை. தர்ஷினி.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெண் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"என் மகள் உயிரோடு இருக்கிறாள்," என்றேன்.

"நிச்சயமாக. உன் இதயத்தில்."

"இல்லை, கண்டியில். இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள்."

அதைக் கேட்டு அவள் இன்னும் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் யோவாவிடம் பிள்ளையை உயிர்ப்பித்துத் தரச் சொன்னேன்.

"அவள் சாகாவிட்டால் அது கதையே இல்லை," என்றான்.

"காய்ச்சல் வந்து பிழைத்துக்கொள்ளட்டுமே."

"அது தொலைக்காட்சித் தொடர்."

"பெயரையாவது மாற்று."

"தர்ஷினி என்பது ஹீப்ருவில் அழகாக ஒலிக்கிறது," என்றான் பெருந்தன்மையோடு.

கதை அப்படியே அச்சேறியது. அதன்பின் மலைநாட்டில் மழை என்று கேள்விப்பட்டாலே வீட்டுக்குப் போன் எடுத்தேன். கட்டுக்கதைதான் என்று தெரியும். பயத்துக்கு இலக்கியம் தெரியாது.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். நான் வெளிநாடு வந்த பிறகுதான் தர்ஷினியைப் பன்விலத் தோட்டப் பள்ளியிலிருந்து கண்டியில் ஒரு பள்ளிக்கு மாற்றியிருந்தோம். அங்கே யாரும் என்னைப் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நான் கிளம்பியபோது, "நீங்க வர வேணாம்மா, அப்பாவே வருவாரு," என்றாள். நான் விடவில்லை. பஸ்ஸில் யோவாவின் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன்.

"என்னைய எதுக்கும்மா சாகடிச்சாரு?"

"சாகடிச்சாத்தான் எல்லாரும் அழுவாங்களாம்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தமிழ் டீச்சர் எங்களைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ, இருங்கோ. 'என் தாய்' எண்டு கட்டுரை எழுதச் சொன்னனான். இவளுக்குத்தான் முதல் பரிசு. தாயைப் பறிகொடுத்த பிள்ளை எப்பிடி எழுதியிருக்கு! வாசிக்கேக்க வகுப்பே அழுதது." பிறகு என்னைக் கனிவாகப் பார்த்தார். "நீங்கள் பிள்ளையின்ர சித்தியோ?"

தர்ஷினி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா டீச்சர், சித்திதான்," என்றேன்.

"நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ."

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிலையம் வரும்வரை விடவில்லை. ஆனால் அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை.