அழிய வேண்டிய கோடு

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ஜெல்லக்கா. இருபத்தாறு வருடமாகப் புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்துக் கொடுப்பவள். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் அவளிடம் வேலை கற்பார்கள், பட்டம் வாங்குவார்கள், போகிற நாளில் ஒரு துண்டு கேக் கொடுப்பார்கள். இதுவரை முப்பத்தொரு துண்டு சாப்பிட்டிருக்கிறாள். போனவர்களில் ஒரு மகராசன்கூடப் பிறகு போன் செய்ததில்லை.

இந்த முறை ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரும் வரும், ஆறாவது பெயராக, என்று ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார். வெளியூரிலிருக்கும் ஒரே தம்பியிடம் சொன்னாள். அவன் மாமனார் வீடுவரை தண்டோரா போட்டுவிட்டான். மாதம் ஒருமுறை பேசுகிறவன் வாரம் இருமுறை கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்குப் பெயரைவிட அதுதான் பிடித்திருந்தது.

கட்டுரை, செல்லுக்குள் மரபணுக்களை இயக்கிவிடும் ஒரு புரதத்தைப் பற்றியது. அதன் ஓர் இடத்தில் பாஸ்பேட் ஒட்டினால்தான் வேலை செய்யும்; இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். ஒட்டியதை மட்டும் பிடித்துக் கறுப்புக் கோடாகக் காட்டுவதற்கென்றே ஓர் ஆன்டிபாடி உண்டு. அவர்கள் ஆராய்ந்த மருந்தைக் கொடுத்த செல்களில் கோடு தடித்தது; மருந்து அந்தப் புரதத்தை இயக்குகிறது என்று அர்த்தம். கட்டுரையே அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது.

யாரும் கேட்காத ஒரு சோதனையை அவள் செய்தாள். பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி ஒன்றைப் போட்டால் கோடு அழிய வேண்டும். கட்டுரை இதழுக்குப் போக நாலு நாள் இருக்கையில், சனிக்கிழமை காலை, ஆளில்லாத ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தாள். கோடு இடித்த புளி மாதிரி அப்படியே இருந்தது. நொதி கெட்டுவிட்டதோ என்று வேறொரு புரதத்தில் போட்டாள். அங்கே ஒழுங்காக அழிந்தது. அப்படியானால் இந்த ஆன்டிபாடி பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் ஒட்டிக்கொள்கிறது; கோடு தடித்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தாள். அதே கதைதான்.

கோடு பதிந்த படத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் தீர்ந்தது. பார்த்தவள் அவள் ஒருத்திதான். என்ன செய்யலாம் என்று கேட்க ஓர் ஆள்கூட இல்லை என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை படத்தைத் தலைவரின் மேசையில் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இத யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

கட்டுரை நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. தேநீருக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒரு மாலை தம்பி கூப்பிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"வேற யாரும் பாக்கலதானே?"

"இல்லடா."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேக்கா. எங்க மாமனார்கிட்ட இப்ப நான் என்னன்னு சொல்வேன்?"

அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. "நடந்தத சொல்லு" என்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு அழுதாள்.

மூன்று வாரம் கழித்து வேறொரு ஆன்டிபாடி வந்தது. அவளையே சோதிக்கச் சொன்னார்கள். நொதி போட்ட இடத்தில் கோடு சுத்தமாக மறைந்தது. இப்படிச் சுத்தமான படம் அவள் கையில் வந்து எத்தனையோ வருடமாகிறது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை.