பின்வேலியும் என் 'ஓமும்'

கமரா பேசும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் காவல் பார்க்கும் வீட்டு வளவின் பின்வேலியை அன்று காலை ஊர்ச்சனம் பிரித்துக்கொண்டு நின்றது. நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு நின்றேன். அப்போது பின் விறாந்தைக் கமராவுக்குள் இருந்து, கனடாவில் இருக்கும் வீட்டுக்காரி மகேசு கேட்டாள்.

"அக்கா, ஆரைக் கேட்டு வேலியைப் பிரிக்கினம்?"

"என்னைத்தான், பிள்ளை."

களவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்த காவல்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்தது இதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, ஆட்களோடு பேசத் தேவையில்லாத வேலை என்றுதான் ஆளில்லாத வெறும் வீடு பார்ப்பது பிடித்தது. கூட்ட வேண்டும், யன்னல் திறக்க வேண்டும், பின்னேரம் விளக்கு வைக்க வேண்டும். வேலி பிரித்ததற்கு முதல் கிழமை எங்கள் ஊர் சரவணையில், சனசமூக நிலையத்தில் கூட்டம். வந்த அதிகாரி கரும்பலகையில் எங்கள் ஊரைக் கீறினார். வாகனப் புகையால் உலகம் சூடாகிறதாம். பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கக்கடையும் கிட்ட இருந்தும், நடக்க வழி இல்லாததால் எல்லோரும் பெரிய றோட்டைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் போகிறோமாம். நான் பார்க்கும் வளவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இதால ஒரு நடைபாதை விட உங்களுக்குச் சம்மதமோ அம்மா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகம் பார்த்தால் கலியாணத்துக்குக் கேட்டாலும் நான் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பேன். சொன்னேன். கை தட்டினார்கள். கரும்பலகைத் திட்டங்கள் கரும்பலகையோடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், சங்கக்கடை றேடியோ என் குசினிக்குக் கேட்கும். அந்தக் கடைக்கு இத்தனை காலமும் நான் ஓட்டோவில்தான் போனேன்.

மகேசு அன்று சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே விட்டிட்டு வந்தனான்" என்றாள். வேலிக்குச் சொல்லிவிட்ட பனையோலை வந்ததும் பிரித்த இடத்தை அடைத்துவிட்டு, வீட்டுப் பூட்டின் திறப்பை அவளுடைய மச்சானிடம் கொடுக்கச் சொன்னாள். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

ஓலை வரத் தாமதமானது. அதற்குள் பிள்ளைகள் அந்த இடைவெளியால் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். மறிக்கத்தான் முற்றம் கூட்டும் தும்புத்தடியோடு போய் நின்றேன். வாய் வரவில்லை. வழிவிட நிற்கிறேன் என்று நினைத்து அதுகள் காலை வணக்கம் சொல்லிப் போயின.

ஓலை வந்து இறங்கிய அன்று கமரா திரும்பப் பேசியது. திறப்பைத்தான் கேட்கப் போகிறாள் என்று மடியில் தடவிப் பார்த்தேன்.

"அக்கா, அந்தக் கறுப்புக் குடை ஆர்?"

அது கணக்கு வாத்தியார், கடைக்கு நடந்து போகிறார் என்றேன்.

"எனக்குப் படிப்பிச்சவர். இன்னும் நடக்கிறாரோ?" குடை மறைந்த பிறகு சொன்னாள். "இவ்வளவு நாளும் இந்தக் கமராவிலை நாய் படுத்திருக்கிறதைத்தான் பாத்தனான். வந்த ஓலையைப் பாதைக்கு ரெண்டு பக்கமும் போட்டு அடையுங்கோ. பாதையை மறிக்க வேண்டாம்."

"திறப்பு, பிள்ளை?"

"அதை ஏன் இப்ப கேக்கிறியள்?"

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வீட்டுக்காரரைக் கேட்காமல் "ஓம்" சொல்லாதீர்கள். நான் கேட்டிருந்தால் அவள் ஏலாது என்றிருப்பாள் என்பதும் உண்மை. இப்போது வாத்தியார் பிந்தினால் கமரா என்னைக் கூப்பிடுகிறது. பேசத் தேவையில்லை என்று பிடித்த வேலை. அவர் குடை தெரியும்வரை நான் பேசிக்கொண்டு நிற்கிறேன்.