பயிற்சி பெற்ற நபர்: சுருளிவேல்

நான் அல்லிநகரத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். ஜெயமங்கலத்தில் முருங்கைப் பொடி அரைக்கும் சுருளிவேல் அண்ணனுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவன். அவர் பெருமையை நான் சொல்லாமல் யார் சொல்வது?

அவருடைய பொடியை ஜெர்மனியில் சத்து மாத்திரை செய்யும் ஒரு கம்பெனி கேட்டது. முதலில் தணிக்கை. தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். தேறாவிட்டால் இலை உருவும் பதினான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். விதிகளில் ஒன்று, ஆலைக் கூரையில் பறவை உட்காரக் கூடாது.

அங்கேதான் வில்லங்கம். அண்ணன் குச்சனூர் சனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு, பத்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் காகத்துக்கு எள்ளுச்சாதம் வைக்கிறவர். வைப்பது அதே கூரையில். தணிக்கைக்குக் குறித்த நாளும் சனிக்கிழமை.

"காக்காய்க்கு வைக்காட்டி சனி பிடிச்சுக்கிரும். வச்சா ஜெர்மனிக்காரன் விட்டுட்டுப் போயிருவான்" என்று என் கடையில் உட்கார்ந்து நிஜமாகவே கண் கலங்கினார்.

அவர் மனைவி மாரீஸ்வரி மதினிதான் வழி சொன்னார். "தோப்புக் கடைசியில பாறை கெடக்குல்ல, அங்கன கொண்டுபோய் வைங்க. அதுகளுக்குச் சோறுதான முக்கியம், கூரையா முக்கியம்?"

மூன்று சனிக்கிழமை 'கா... கா...' என்று கத்திக் கத்திப் பாறைக்குப் பழக்கினார். தணிக்கை நாளில், கொச்சியிலிருந்து தணிக்கை செய்ய வந்த ஷீபா மேடம் கேட்ட கேள்விகளில், சோறு வைக்கும் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. சோற்றைக் காணாத நாற்பது காகங்களும் கூரைக்கே விசாரிக்க வந்துவிட்டன.

அண்ணன் தலையில் வலைத்தொப்பி, உடம்பில் வெள்ளைக் கோட்டு, கையில் எள்ளுச்சாதத் தட்டுமாக, "கா... கா..." என்று தோப்பைப் பார்த்து ஓடினார். காகங்கள் பின்னாலேயே பறந்தன. இரண்டே நிமிடத்தில் கூரை காலி.

"இது என்ன ஏற்பாடு?" என்றார் ஷீபா மேடம்.

"ஏற்பாடு இல்ல மேடம், நேத்திக்கடன்."

மற்ற ஆலைகளில் வலை கட்டியும் ஒலிபெருக்கி வைத்தும் போகாத பறவைகளாம். தேர்ச்சி போட்டுவிட்டார். ஒரே நிபந்தனை, இனி தினமும் செய்ய வேண்டும், அதற்கு ஒரு பதிவேடும் வேண்டும். நான்தான் அடித்துக் கொடுத்தேன்: தேதி, நேரம், காகங்களின் எண்ணிக்கை, பயிற்சி பெற்ற நபர். சனீஸ்வரர் வாரம் ஒரு நாள்தான் கேட்டார்.

போன மாதம் கம்பெனி அண்ணனை ஜெர்மனிக்கே அழைத்தது. அவர் இல்லாத நாட்களில் கத்த ஆள் வேண்டுமே? காவல்காரர் ஒச்சாண்டி கத்திப் பார்த்தார். ஒரு நாய் வந்தது. மதினி கத்தியபோது காகங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மதினிதான் விமானம் ஏறினார். எனக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, பாறையருகே நின்ற அவருக்கு வீடியோ கால் வந்தது.

"என்னங்க, கோட்டும் தொப்பியும் இல்லாமயா நிக்கிறீக? மாட்டிக்கிட்டு வந்து கத்துங்க. இங்கன பெரிய ஆபீசரெல்லாம் பாக்குறதுக்கு வந்து உக்காந்திருக்காக!"