எதிரி யார் என்று கேட்ட ஃபாரம்

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி கப்பலிலிருந்து இறங்கியது. நம் தொண்டர் பீரங்கிப் படை ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த தூரம் அளக்கும் கருவி! ஓர் ஆள் நீளத்துக்குக் குழாய். உள்ளே பார்த்தால் கடலில் போகும் கப்பல் இரண்டாகத் தெரியும். திருகைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால், எத்தனை கஜம் என்று எண் சொல்லும்.

நானும் கண்ணை வைத்தேன். அக்கரையில் கெடா மலைகள் நீலமாக மிதந்தன. பாய்மரக் கப்பல் ஒன்று இரண்டாகப் பிரிந்து, மெல்ல நெருங்கி, ஒன்றானது... அளக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். இதைப் போய் ஆயுதம் என்று யாராவது சொல்வார்களா?

சொன்னார்களே! இதைச் செய்து விற்கும் ஐரோப்பிய நாட்டில் புதுச் சட்டம். பீரங்கியும் இதுவும் ஒரே பட்டியலில். லைசென்ஸ் இல்லாமல் கப்பலேறாது. லைசென்ஸுக்கு ஒரு ஃபாரம். அதில் கடைசிக் கேள்வி — எந்த நாட்டுக்கு எதிராகப் பயன்படும்?

எங்கள் படையின் ஸ்டோர் ஆபீஸில் அப்போது தலைமைக் கிளார்க் சுல்தான் அண்ணன்; நான் அவருக்கு அடுத்தவன். ஃபாரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார். பொய்யும் எழுதமாட்டார். நேரே கேப்டன் துரையிடம் போய், நம் எதிரி யார் துரை என்று பணிவாகக் கேட்டார். துரை சிரித்தார். அதெல்லாம் இப்போது யாருக்குத் தெரியும் என்றார். அண்ணன் திரும்பி வந்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'இன்னும் முடிவாகவில்லை.'

நாலு மாதம் கழித்து ஃபாரம் திரும்பி வந்தது. யார்மீது திரும்பும் என்று தெரியாத கருவியை விற்க முடியாதாம். துரைக்கு வந்ததே கோபம்! 'யாருக்கும் எதிராக அல்ல' என்று மாற்றி எழுது, இல்லையென்றால் உனக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

அண்ணன் நாலு பிள்ளைகளின் தகப்பன். பேனாவை எடுத்தார்... அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஃபாரம் என் மேஜைக்கு வந்தது. துரை சொன்னபடி நான் எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் அடுத்த கப்பலிலேயே வந்தது.

யாரையும் சுடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான், சுடுவதற்கு வேண்டியதை விற்கிறார்கள். என்ன உலகமடா இது!

வேலை போன சுல்தான் அண்ணன் இப்போது அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறார். அவரை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். என்மேல் கோபமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, நமக்கு எதிரியே இல்லன்னா, அந்தக் குழாய் எதுக்கு லா?”

நான் இப்போது அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.