நாலு மீனுக்கு ஒரு இஞ்சின்

போன செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து ஒரு லாரி வந்து எங்கள் வீட்டு வாசலில் இரண்டு இஞ்சின்களை இறக்கியது. போடியில் லாரியில் ஏலக்காய் மூட்டை ஏற்றினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இஞ்சின் இறங்கினால்? தெருவே கூடிவிட்டது.

"என்னக்கா, மாவு மில்லு வைக்கப் போறீகளா?" என்றார் எதிர்வீட்டு ராஜம்மா.

"இல்ல ராஜம்மா. மீனுக்கு."

"மீனுக்கா? எத்தன மீனு?"

"நாலு."

ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாக. இன்னைக்குத்தேன் கண்ணால பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குச் சேதி சொல்லப் போய்விட்டார்.

உங்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பனிமூட்டத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஓட்டி வந்த ஜீப், மலைப்பாதை வளைவு ஒன்றில் வழுக்கிச் சரிந்தது. நல்ல வேளை — ஒரு மரம் பிடித்து நிறுத்தியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கால் எலும்புதான் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. "மூன்று மாதம் காலைக் கீழே வைக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

யாரிடம் சொல்கிறார்! விடிந்தால் மலைமேல் ஏலத்தோட்டம், திரும்பினால் ஏலக்காய்ச் சந்தை என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்த மனிதரிடம். கட்டிலில் போட்ட முதல் வாரம் வீடு வீடாக இல்லை. காபி ஆறிவிட்டது என்பார். சூடாகக் கொடுத்தால் நாக்கைச் சுடுகிறாயா என்பார். ஈ மொய்க்கிறது என்பார். ஈயை விரட்டினால், இருக்கிற ஒரே துணையையும் விரட்டுகிறாயே என்பார்…

மெட்ராஸுக்குப் போயிருந்த என் கொழுந்தன் ராமு, அண்ணன் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்க மீனும் வாங்கி வந்தான். கூடவே கைக்குள் அடங்குகிற ஒரு கரண்ட் மோட்டார். அது காற்றை இழுத்து ரப்பர் குழாய் வழியே தொட்டிக்குள் விடும். தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பும். அந்தக் காற்று இருந்தால்தான் இத்தனை சின்னத் தொட்டியில் நாலு பெரிய மீன் உயிரோடு இருக்கும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தோம். மனுஷன் அடங்கிவிட்டார்! மணிக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் மட்டும் காதருகே வண்டு மாதிரி இரைகிறது என்றார். அதைப் பக்கத்துக் காய் அறையில், அதாவது ஏலக்காய் மூட்டை அடுக்குகிற அறையில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ரப்பர் குழாயை மட்டும் இந்தப் பக்கம் இழுத்துவிட்டோம்.

அப்போதுதான் வந்தது மின்வெட்டு. அணையில் தண்ணீர் இல்லையாம், அதனால் நமக்குக் கரண்ட் இல்லையாம். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் போனால், சாப்பிட்டு முடித்த பிறகுதான் வரும். முதல் நாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நான் அடுப்படியில் இருந்தேன். 'தொம்' என்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் இவர் தரையில் கிடக்கிறார். மீனைக் காப்பாற்ற எழுந்தாராம்!

நாலு மீனும் போயின. மாவுக்கட்டு விரிசல் விட்டது. டாக்டர் மறுபடி கட்டுப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இந்தக் கால் தரையில் பட்டால் எலும்பு கோணலாகத்தான் சேரும். அப்புறம் மலை ஏறுகிற பேச்சே கிடையாது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கத்தவில்லை. காபியைக் குறை சொல்லவில்லை. கத்துகிற புருஷனைச் சமாளித்துவிடலாம். கத்தாத புருஷனை என்ன செய்வது?

ராமுவை மறுபடி மெட்ராஸுக்கு விரட்டி, வேறு நாலு மீன் வரவழைத்து, கரண்டுக்கு ஒரு வழி பிறக்கும் வரை கிணற்றடிப் பெரிய தொட்டியில் விட்டுவைத்தேன். ஒரு முடிவும் எடுத்தேன். கரண்ட் போகட்டும், அணை வறளட்டும் — கண்ணாடித் தொட்டியில் குமிழி நிற்காது. இவர் காலும் கீழே இறங்காது.

ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்று வாய் திறந்ததுதான் தாமதம்… போடியில் இத்தனை இஞ்சினியர்களா! கிணற்று ஆயில் இஞ்சினைக் கொண்டுவந்து வையுங்கள் என்றார் ஒருவர். அதில் தண்ணீர்தான் வரும், கரண்ட் வராது. ஜீப் பேட்டரி போதுமே என்றான் ராமு. மாட்டிப் பார்த்தோம், மெட்ராஸ் மோட்டாருக்குப் பேட்டரி கரண்ட் ஒத்துவரவில்லை, முனகக்கூட இல்லை. டூரிங் டாக்கீஸ்காரர் தன் இஞ்சினையே தருகிறேன் என்றார். நல்ல மனசுதான். ஆனால் கரண்ட் போகிற நேரமும் அவர் படம் போடுகிற நேரமும் ஒன்று! மீனுக்காகப் படத்தை நிறுத்தினால் ஊர் என்னைச் சும்மா விடுமா?

கடைசியில், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்ட ஜெனரேட்டர்கள் மதுரையில் கிடைப்பதாகத் தெரிந்தது. பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெரிசும் ஒரு சிறிசும் அனுப்பிவைத்தார் கடைக்காரர். அதுதான் செவ்வாய்க்கிழமை லாரி.

சத்தம் கேட்டுச் சுவர்ப் பக்கமிருந்த தலை திரும்பியது.

"ராமு! ரெண்டையும் ஓட்டிக் காட்டுறா!" என்று ஜன்னல் வழியே குரல் வந்தது.

ஓட்டிக் காட்டினான். பெரியது போட்ட சத்தத்தில் ஓட்டிலிருந்த காக்கைகள் பறந்தன.

"பெருசத்தேன் எடுக்கணும்" என்றார் இவர். "ஏலக்காய்னாலும் பெரிய காய்க்குத்தான மதிப்பு? சத்தத்தப் பாரு, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு!"

"என்னங்க, காத்து மோட்டாரு என் உள்ளங்கை அளவு. அதுக்கு இந்த எருமை எதுக்கு? சிறுசு போதும்."

"ஏ புள்ள, ஒனக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? ஏலக்காய வாங்குற மாதிரி இஞ்சினு வாங்குறீக!"

தெரு சிரித்தது. ஜன்னலுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனை நாள் கழித்து! சிறியதை வைத்துக்கொண்டோம்.

காய் அறையில்தான் காற்று மோட்டார் இருக்கிறது. மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு இஞ்சினையும் அங்கேயே வைத்தோம். "ஜன்னலும் கதவும் திறந்தே கிடக்கட்டும், புகை வெளியே போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, லாரியோடு வந்த மெக்கானிக் பெரிய இஞ்சினை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டார். இஞ்சினைப் பார்த்துக்கொள்ள மலையிலிருந்து மாயாண்டியை முன்னமே வரவழைத்திருந்தோம். ராசிங்காபுரத்துக்காரர். எங்கள் தோட்டத்து ஸ்டோரில், பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தில், பல வருஷமாக அடுப்பு எரிக்கிறவர். ஒரு வேலையை ஒப்படைத்தால் இடத்தை விட்டு நகர மாட்டார்.

மறுநாள் மீன்கள் கண்ணாடித் தொட்டிக்கு வந்தன. விளக்கேற்றும் நேரம். கரண்ட் போனது. மாயாண்டி கயிற்றை இழுத்தார், இஞ்சின் பிடித்துக்கொண்டது. தொட்டியில் குமிழி! ராமு கை தட்டினான். நான் என்னையே மெச்சிக்கொண்டு காபி கலக்கப் போனேன்.

காபி டபராவுக்கு வருவதற்குள், "ஏ புள்ள! வெரசா வா!" என்று அலறல்.

ஓடினேன். குமிழி நிற்கவில்லை, ஜம்மென்று வருகிறது. ஆனால் நாலு மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஒன்று சாய்ந்து மிதக்கிறது. காற்று வந்தும் மூச்சு முட்டுமா? குனிந்து குமிழியை முகர்ந்தேன். பெட்ரோல் புகை!

காய் அறைக்கு ஓடினால், கதவை இறுகச் சாத்திவிட்டு அதன்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மாயாண்டி.

"கதவத் தொறங்க மாயாண்டி!"

"இப்பத் தொறக்கக் கூடாது ஆத்தா."

"ஏன்?"

"உள்ள ஓடிக்கிட்டு இருக்குல்ல? பாதியில கதவத் தொறந்தா காய் வெளுத்துப் போகும்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. உள்ளே ஏது காய்?

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கதவடியில் இடைவெளி தெரிகிறதே என்று போகிற போக்கில் சாக்கை மடித்துச் செருகியது யார்? நான்தான்! ஜன்னலை இழுத்துச் சாத்தியது? ராமு! மூடிய அறைக்குள் சூடு ஓடுகிறது என்றால் காற்றுப் புகக் கூடாது — ஏலக்காய் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்துவிடும். மெக்கானிக் சொன்னதை மூன்று பேரும் கேட்டோம், மூன்று பேரும் தலையாட்டினோம், மூன்று பேரும் சாத்தினோம். அடைந்த புகையை எல்லாம் அந்தச் சின்ன மோட்டார் இழுத்து இழுத்து மீனுக்கு ஊட்டியிருக்கிறது.

இஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்தோம். புகை முகத்தில் அடித்தது. ஆனால் இஞ்சின் நின்றால் குமிழியும் நின்றுவிடுமே… எனக்கு உடனே அவர் கால் ஞாபகம் வந்தது. ஐயோ, இந்நேரம் எழுந்திருப்பாரே!

இருமிக்கொண்டே ஓடினேன்.

எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட கால் தலையணை மேல் அப்படியே இருக்கிறது. உடம்பை மட்டும் ஒருக்களித்துத் தொட்டிப் பக்கம் சாய்ந்திருக்கிறார். கையில் குடிதண்ணீர் டம்ளர். தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, காபி ஆற்றுகிற மாதிரி தொட்டிக்குள்ளேயே ஊற்றுகிறார். நுரைக்கிறது. மறுபடி மொள்கிறார், மறுபடி ஊற்றுகிறார்.

"நின்னு பாக்காத. கெணத்துத் தண்ணி ஒரு வாளி கொண்டா! இது பொகையில கெட்டுப்போன தண்ணி. ராமு, நீ பாதிய எறச்சு வெளியில ஊத்து. மாயாண்டி, வெளக்கப் பிடி!"

ஏலச் சந்தையில் நின்று அதட்டுகிற அதே குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்கு நேரமில்லை, கிணற்றடிக்கு ஓடினேன்.

கரண்ட் வரும் வரைக்கும் ஆற்றினார். கை மாற்றிக் கை மாற்றி ஆற்றினார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "ஒனக்கு ஒசரம் பத்தாது" என்றார். ஒரு மீன் போய்விட்டது, மூன்று பிழைத்தன. "சனியன், தோள்பட்ட வலிக்குது" என்று முனகிக்கொண்டே படுத்தவர், சொல்லாமல் கொள்ளாமல் தூங்கிப் போனார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையிலேயே இஞ்சினை மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றினோம். நாலு பக்கமும் திறந்த இடம். யாரும் எதையும் சாத்த முடியாது. ஒயர் மட்டும் வீட்டுக்குள் வரும். ஓட்டிப் பார்த்தோம், குறையொன்றும் இல்லை. சாயங்காலம் கரண்ட் போனது. மாயாண்டி கயிற்றில் கை வைத்தார்.

"ஏய், நிறுத்துங்கப்பா!" என்றார் இவர் கட்டிலிலிருந்து. "இஞ்சினெல்லாம் வேணாம். எனக்குச் சோலி இருக்குல்ல?"

டம்ளரை முன்னமே கழுவி வைத்திருக்கிறார்!

படுத்துக் கிடப்பவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? சும்மா இருங்கள், ஓய்வெடுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும்? நீங்கள் இனி எதற்கும் வேண்டாம் என்கிற மாதிரி இருக்குமோ என்னவோ.

இப்போது பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் ஒரு கேள்விதான்: "இன்னுமா கரண்டு போகல?" ஊர் முழுக்க மின்வெட்டைத் திட்டுகிறது; இவர் ஒருவர் அதற்காகக் காத்துக் கிடக்கிறார். கால் தலையணையை விட்டு இறங்கவே இல்லை. நேற்று வந்து பார்த்த டாக்டர், எலும்பு நேராகச் சேர்கிறது என்றார்.

இஞ்சின் தொழுவத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது. ராஜம்மா மாலையில் ஒரு தரம் வந்து அதற்கு அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போகிறார். ராமுவுக்கும் பொறுக்கவில்லை.

"எதுக்கு மதினி இது? மதுரைக்கே திருப்பி ஏத்தி விட்டுரவா?"

"தொட்டேன்னா தெரியும்! உங்கண்ணன் எந்திரிச்சு மலைக்குப் போனப்பறம், மீனுக்கு யாருடா இருக்கா?"